பிடித்த பணம் எங்கே?



போன வாரம் நம் சங்க அலுவலகத்துக்குத் தையல் பிரிவிலிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். 16,000 ரூபாய் சம்பளம், மாதாமாதம் 120 ரூபாய் ஈ.எஸ்.ஐ. பிடித்தம். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கிறார். நோய்க்காலப் பணம் கேட்டுப் போனால், "உங்க பேர்ல பணமே கட்டலையேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் 78 நாளுக்காவது சந்தா ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை படுத்துவிட்டால், சம்பளத்தில் 70 சதவீதம் கைக்கு வரும். முதலாளி தன் பங்காகப் போட வேண்டியது 3.25 சதவீதம், அந்த அக்காவுக்கு 520 ரூபாய். 2019 ஜூலைக்கு முன்பு 4.75 சதவீதமாக இருந்ததைக் அரசு குறைத்தே கொடுத்தது. அதற்கும் முதலாளிக்கு மனம் வரவில்லை!

கேட்டால், "கேஸ் நடக்குது" என்கிறார்கள். என்ன கேஸ்? "அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள், எங்கள் ஆட்கள் இல்லை." ஹைதராபாத் ராயல் டாக்கீஸ் முதலாளியும் இதைத்தான் சொன்னார். கேண்டீன்காரரும் சைக்கிள் ஸ்டாண்டுக்காரரும் வைத்த ஆட்களுக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்றார். கட்டத்தான் வேண்டும் என்று 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். அன்றைக்கே செத்த வாதத்துக்கு இன்றைக்கும் வக்கீல் வைக்கிறார்கள்.

இன்னொரு சந்தும் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டுத் தரும் ஊக்கத்தொகை சந்தாக் கணக்கில் ஊதியம் ஆகாது என்று 2000இல் ஒரு தீர்ப்பு வந்தது. மாதாமாதம் வந்த இன்சென்டிவ் திடீரென்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மாறினால், ஏன் என்று கேளுங்கள்.

வழக்குப் போடட்டும், அது அவர்கள் உரிமை. ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கேட்கும் தொகையில் பாதியைக் கட்டிவிட்டு வாதாடு என்கிறது சட்டம். அந்தப் பாதியைக் கோர்ட் தள்ளுபடி செய்யக் கூடாது என்பது நம் கோரிக்கை.

ஆனால் அந்த 120 ரூபாய்க்கு என்ன வழக்கு? உங்கள் ஆள் இல்லை என்றால் அவர் சம்பளத்தில் எப்படிப் பிடித்தீர்கள்? பிடித்தது நிஜம் என்றால் எங்கே கட்டினீர்கள்? தொழிலாளியிடம் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டால் ஒரு வருடத்துக்குக் குறையாமல், மூன்று வருடம் வரை சிறை!

நாளை முதல் ஷிப்டுக்கு வரும்போது சம்பளச் சீட்டை எடுத்து வாருங்கள். கேட்டுக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு நம்பராகப் பார்த்து, யாருக்கு எத்தனை மாதப் பாக்கி என்று எழுதி, மொத்தமாகப் புகார் கொடுக்கிறோம். அந்த அக்காவின் சீட்டுத்தான் முதலில்.