அழகும் அலைகளும்

(முத்தையாபுரத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கிற பொறியாளன் நீ, அதைப் பற்றியே பேசு" என்று செயலாளர் அண்ணாச்சி சொன்னார். ஸ்கேன், டயாலிசிஸ் என்று பெரிய விஷயமாகப் பேசலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தைமாரும் சித்திமாரும் என்னிடம் கேட்கிற கேள்வி வேறு. "ஏ தம்பி, கத்தி வைக்காம மெஷினை வச்சே முகச் சுருக்கத்தை எடுத்துருதாங்களாமே, தொப்பையையும் கரைச்சுருதாங்களாமே, நெசந்தானா?" அவர்களுக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரிவாக இங்கேயும் சொல்கிறேன்.

அந்த மெஷினுக்குப் பெயர் ரேடியோ அலைவரிசைக் கருவி, சுருக்கமாக ஆர்.எஃப். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை போய் வருகிறது. தொட்டால் ஷாக் அடிக்கும். அதுவே நொடிக்குப் பல லட்சம் முறை போய் வந்தால் நரம்புக்கும் தசைக்கும் அது உறைக்காது. 1890-களிலேயே இதைக் காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி தார்சொன்வால். ஷாக் போய்விடும், சூடு மட்டும் மிஞ்சும். 1926-இல் பாஸ்டன் நகரில் போவி என்பவர் உருவாக்கிய இத்தகைய கருவியைக் கொண்டு, தலைக்கட்டி ஆபரேஷனில் இரத்தக் கசிவை நிறுத்தினார் டாக்டர் குஷிங். இன்று ஆபரேஷன் தியேட்டர்களில் பயன்படும் டயத்தெர்மி அதன் வாரிசுதான். ஆக, அழகு நிலையத்து மெஷின் வானத்திலிருந்து குதித்ததல்ல.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? உப்பளம் சூழ்ந்த ஊரில் இதை விளக்குவது சுலபம். நம் உடம்பும் ஒரு உப்புத் தண்ணீர்தான். கடலில் ஏறக்குறைய 3.5 சதவீதம் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைனில் 0.9 சதவீதம். அந்த உப்பின் அயனிகள் மின்சாரத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஓடி முட்டி மோதுவதால் சூடு பிறக்கிறது. முதலாண்டில் படித்த ஜூல் விதிதான், தம்பிகளா!

அந்தச் சூடு தோலை என்ன செய்யும்? கணவாய் சமைத்தவர்களுக்குத் தெரியும். சூடான சட்டியில் போட்டதும் துண்டு சுருண்டுகொள்ளும். அதில் உள்ள கொலாஜன் என்ற புரதம் சூட்டில் சுருங்குகிறது. நம் தோலின் உறுதிக்கும் அதே இனத்துப் புரதம்தான் காரணம். வயதும் வெயிலும் அதைக் குலைப்பதால்தான் சுருக்கம் விழுகிறது. ஆர்.எஃப். கருவி தோலின் ஆழத்தில் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேற்றினால் கொலாஜன் இழை கொஞ்சம் சுருங்கும். அதைவிட முக்கியம், "காயம் பட்டுவிட்டது" என்று உடம்பு நினைத்துக்கொண்டு புதுக் கொலாஜன் கட்ட ஆரம்பிக்கும். அதற்குச் சில மாதம் ஆகும். ஒரே நாளில் பளபளப்பு என்று விளம்பரம் வந்தால், அது பெரும்பாலும் சூட்டினால் வந்த வீக்கமும் சிவப்பும்தான். இரண்டு நாளில் வடிந்துவிடும்.

கொழுப்புக்குக் கணக்கு வேறு. கொழுப்புச் செல்களை 43 முதல் 45 டிகிரி வரை சில நிமிடம் வைத்திருந்தால் அவற்றில் ஒரு பகுதி நாளடைவில் மடியும். இடுப்பளவு கொஞ்சம் குறையலாம். உடல் எடைக்கு இது வைத்தியமில்லை. 80 கிலோ ஆள் 60 கிலோ ஆக மாட்டார்.

ஆழம் எலெக்ட்ரோடின் அமைப்பைப் பொறுத்தது. இரண்டு முனைகளும் கைப்பிடியிலேயே இருந்தால், அவற்றின் இடைவெளியில் ஏறக்குறைய பாதி ஆழம் வரைதான் சூடு போகும். ஒரு முனை கையிலும் மறுமுனை முதுகில் ஒட்டிய பட்டையிலுமாக இருந்தால் இன்னும் ஆழமாகப் போகும். அந்தப் பட்டை சரியாக ஒட்டாமல் ஒரு மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் முழுவதும் அந்த மூலையில் குவியும். முகத்துக்கு வைத்தியம் செய்யப் போய் முதுகு வெந்துபோகும்.

அமெரிக்க மருந்து நிர்வாகம் இத்தகைய கருவி ஒன்றுக்கு, கண்ணைச் சுற்றிய சுருக்கங்களுக்காக 2002-இல் அனுமதி கொடுத்தது. இதே நிர்வாகம்தான் 2025 அக்டோபரில், ஊசிமுனை வழியாக ஆர்.எஃப். செலுத்தும் கருவிகளால் தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புச் சேதம் நேர்ந்ததாகத் தகவல்கள் வந்துள்ளன என்று எச்சரித்தது. நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. மாத்திரைக்கு உள்ள பொறுப்பு மெஷினுக்கும் உண்டு என்று அர்த்தம்.

இனி நான் சொல்வது முக்கியமாக மாணவர்களுக்கு. வெப்ப சிகிச்சைத் துறையில் ஒரு கணக்கு உண்டு. 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும், அதே சேதத்துக்கு வேண்டிய நேரம் பாதியாகும். நாலு டிகிரி கூடினால் பதினாறில் ஒரு பங்கு! பதினாறு நிமிடத்தில் நடக்க வேண்டியது ஒரே நிமிடத்தில் நடந்து முடியும். அதனால்தான் கைப்பிடியின் நுனியில் மிளகு அளவில் ஒரு தெர்மிஸ்டர் வைத்திருக்கிறார்கள். சூடு எல்லை தாண்டினால் அது மெஷினை நிறுத்திவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய நகரத்தில், ஓர் அழகு நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். மெஷின் அடிக்கடி நின்றுவிடுகிறதாம். பார்த்தால் தெர்மிஸ்டர் வயர் அற்றுப்போய் இருந்தது. புதுக் கைப்பிடி வரப் பத்து நாளாகும். உரிமையாளர் சொன்னார்: "சார், அந்த சென்சாரை மட்டும் பைபாஸ் பண்ணி விடுங்க. நாளைக்குக் கல்யாணப் பொண்ணு ஒண்ணு வருது, அட்வான்ஸ் வாங்கியாச்சு." ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் போதும். எந்நேரமும் 38 டிகிரி என்று மெஷின் நம்பிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிட வேலை, ஐந்து ரூபாய்ப் பொருள். முடியாது என்று சொல்லி, மெஷினில் "உபயோகிக்கக் கூடாது" என்று சீட்டு ஒட்டி, சர்வீஸ் ரிப்போர்ட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்குக் கோபம். அடுத்த வருஷக் கான்ட்ராக்ட் எங்களுக்கு வரவில்லை.

அவர் வேறொரு ஆளைத் தேடியிருப்பார். அந்த வேறொரு ஆள் நம் கல்லூரியில் படித்தவனாக இருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன். அந்தக் கல்யாணப் பெண் நம்மைப் பார்த்ததே இல்லை. நம் பெயரும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் நம்மை நம்பித்தான் கண்ணை மூடிப் படுக்கிறாள்.

முன்னாள் மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சைக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள். அது அவரவர் விருப்பம். இவற்றை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். தோல் மருத்துவர் பார்த்துவிட்டுத்தான் செய்கிறார்களா? மெஷினின் பெயர், தயாரிப்பாளர், லைசென்ஸ் என்ன? கடைசியாக எப்போது சோதித்தார்கள்? பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இதன் பக்கமே போகக் கூடாது. உடம்பில் உலோகத் தகடு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்துப்போன தோலுக்குச் சுடுவதே தெரியாது. அவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். "சுடுதும்மா" என்று சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, அப்பத்தான் பலன்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

உப்பளத்தில் வேலை பார்த்த அத்தை ஒருத்தியிடம் இவ்வளவையும் சொன்னேன். மேலேயிருந்தும் வெயில், வெள்ளை உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் வெயில் என்று காய்ந்த முகம். கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு வேண்டாம்ல. பேத்தி போனா நீ கூடப் போய் மெஷினைப் பாத்துட்டு வா" என்றாள். அந்தப் பொறுப்பை நம் எல்லோருக்குமாகச் சேர்த்தே ஏற்றுக்கொண்டேன்.