சாரலில் மட்டும் சாய்ந்த கார்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு வராது. தென்காசியில் கார் எலெக்ட்ரிகல் வேலை பார்க்கிறவன். "பி.எஸ்ஸி. இயற்பியல் படிச்சே, அது தொழில்ல எங்கே உதவுச்சு, அதைச் சொல்லு" என்றார் நம் செயலாளர். உதவ வேண்டிய நேரத்தில் நான் அதை மறந்துபோன கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆனதற்கு முந்தி நடந்தது. ஆனி மாசம். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வாடகைக்கு விடுகிற ஒருவர், செகண்ட் ஹேண்டில் ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கியிருந்தார். அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. அம்பாசடரில் ஆள் ஏறினால் பட்டை ஸ்பிரிங் அமுங்கும், அதோடு சரி. இதில் கம்ப்ரஸர் காற்றை ஏற்றிப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். 1955-இல் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரிலேயே உயரத்தைத் தானே சரிசெய்யும் ஏற்பாடு உண்டு. ஆனால் அது கம்பியும் வால்வும் எண்ணெயுமாகச் செய்த வேலை. வயர் வந்த பிறகுதான் எங்களுக்குப் பிழைப்பு.

உயரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது சக்கரத்தருகே இருக்கும் சென்சார். மூன்று வயர்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சக்கரம் ஏறி இறங்கும்போது ஒரு சின்னக் கை அசையும். அதற்கேற்ப சிக்னல் சுமார் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை மாறும். ஆய்வுக்கூடத்தில் 10 மீட்டர் கம்பியின் மேல் ஜாக்கியை நகர்த்தி நகர்த்திக் கை வலித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதே பொட்டென்ஷியோமீட்டர்தான், உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் இருக்கிறது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் உரசாமல் அளக்கிற வகை. அன்று வந்த கார் பழைய வகை.

பின்பக்கம் இடது மூலை சாய்கிறது என்று டிரைவர் கொண்டு வந்தார். "அண்ணாச்சி, வெயில்ல நல்லாத்தான் நிக்கி. குத்தாலத்துச் சாரல்ல போட்டா சாஞ்சிருது" என்று அப்போதே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், பையில் லீக் இல்லை. ஸ்கேனர் மாட்டினேன், பழுது எதுவும் காட்டவில்லை. கனெக்டரைக் கழற்றி அளந்தேன், 5 வோல்ட் சுத்தமாக வந்தது. அப்படியானால் சென்சார்தான் போயிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஐந்தருவி ரோட்டுப் பள்ளத்துல விட்டிருப்பான்" என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். சென்சார் விலையை டிரைவர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்.

புது சென்சார் போட்ட நாலாம் நாள், குற்றாலத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே கார் சாய்ந்து நின்றது. மறுநாள் முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நான் பள்ளத்துல விடல அண்ணாச்சி. சாரல் பட்டாத்தான் சாயுதுன்னு மொத நாளே சொன்னேம்லா?"

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் அருவிக்கரையில் நனைத்துக்கொண்டிருக்கும்போது, இங்கே என் ஒர்க் ஷாப்பில் வெயிலும் காற்றுமாக இருக்கும். பழுது அங்கே குடியிருக்கிறது. நான் இங்கே உட்கார்ந்து தேடியிருக்கிறேன்.

காலையில் முதலாளியிடம் சாவியை வாங்கி, ஐந்தருவிப் பக்கம் கொண்டுபோய், இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினோம். அரை மணி நேரத்தில் இடது மூலை இறங்கியது. ஸ்கேனரைப் பார்த்தால், உயரம் சரி என்கிறது. டேப்பை வைத்தால் மூன்று விரற்கடை குறைகிறது. அங்கேதான் எனக்குப் புரிந்தது. கார் உயர்ந்து நிற்பதாக யாரோ கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறார்கள். அது நம்பிக் காற்றை இறக்கிவிடுகிறது.

காரைத் தென்காசிக்குக் கொண்டுவந்து காயவிட்டு, ஸ்டாண்டில் ஏற்றினோம். (தம்பிகளே, காற்றுப் பைக் காரின் கீழே ஸ்டாண்ட் இல்லாமல் படுக்காதீர்கள், சொல்லாமல் இறங்கிவிடும்.) சென்சார் கையைக் கம்பியிலிருந்து கழற்றி நடுவில் கட்டினேன். கனெக்டரைக் கழற்றாமல், பின்புறமாக மீட்டர் ஊசியை விட்டேன். சிக்னல் 2.5 வோல்ட். செடிக்குத் தெளிக்கிற பம்பால் கனெக்டரில் தண்ணீர் அடித்தோம், மாற்றமில்லை. வயரிங் வழியாகவே நகர்ந்தோம். ஒரு சாண் தள்ளி, மட்கார்டுக்கு உள்ளே அடித்தபோது 2.6, 2.8, பிறகு 3.0. கட்டிவைத்த கை அசையவே இல்லை.

பிரித்துப் பார்த்தால், 5 வோல்ட் வயரிலும் சிக்னல் வயரிலும் பக்கம்பக்கமாக முறுக்குப் போட்ட இரண்டு ஒட்டு. மேலே இன்சுலேஷன் டேப். உள்ளே செம்பு பச்சைக் களிம்பேறி, டேப் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. அந்த ஈரம் 5 வோல்ட்டிலிருந்து சிக்னலுக்கு ஒரு கள்ளப் பாதை போட்டுவிட்டது. 3 வோல்ட் என்பது சென்சார் சாதாரணமாகவே தரக்கூடிய அளவு. அதனால் கம்ப்யூட்டர் அதைப் பழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானோ கனெக்டரைக் கழற்றிவிட்டு 5 வோல்ட்டை மட்டும் பார்த்தேன். சிக்னலை மீட்டரில் ஒரு தடவைகூட அளக்கவில்லை. மின்சுற்று முழுதாக இணைந்து, மின்னோட்டம் ஓடும்போது அளக்க வேண்டும் என்று இரண்டாம் ஆண்டில் ரெக்கார்டு நோட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

வயரை வெட்டி, ஒட்டுகள் ஒன்றுக்கொன்று நேரே வராதபடி தள்ளித் தள்ளி ஈயம் பற்றவைத்து, பசையுள்ள ஸ்லீவ் போட்டுச் சுருக்கினோம். மறுபடி குற்றாலம். இரண்டு மணி நேரம் சாரலில் நின்றது. டேப்பில் ஒரு நூல்கூட மாறவில்லை.

முதலாளியிடம் நேரில் போய்த் தப்பு என்னுடையது என்றேன். டிரைவரை மறுபடி சேர்த்துக்கொண்டார். சென்சார் விலையை டிரைவர் கையில் இரண்டு தவணையாகக் கொடுத்தேன். முதல் தவணையை வாங்க மாட்டேன் என்றார், என் வீட்டுக்காரி வாங்கவைத்தாள்.

அன்று கழற்றிய பழைய சென்சார் இதோ என் பையில் இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை. இயற்பியல் துறைக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தேன். மாணவர்கள் 5 வோல்ட் கொடுத்து, கையை அசைத்து மீட்டரில் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள்.