அவையச்சம்



எழுதியது பெட்டிக்குள் இருக்கும்வரை எவருக்கும் அச்சமில்லை. அவைமுன் வைக்கும்போதே நெஞ்சு நடுங்குகிறது. வள்ளுவர் 'அவையஞ்சாமை' எனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். அந்நடுக்கம் கவிஞர்க்கு மட்டும் உரியதன்று.

கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி ஜூலியா மார்கரெட் கேமரன். 1863இல், அவரது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். கோழிக்கூட்டைப் படக்கூடமாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு தாமே பயின்றார். மறு ஆண்டே இலண்டன் ஒளிப்படக் கழகக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. அவற்றின் மங்கலைத் துறையினர் குறையென்றனர். கழகத்தின் இதழும் கடிந்துரைத்தது. அத்திறனாய்வின் தகுதி இவ்வளவே என அறிந்திராவிடின் தம் உள்ளம் மிகத் தளர்ந்திருக்கும் என்று 1874இல் அவர் எழுதினார்.

தளர்ச்சிக்கு இடமே இருந்ததில்லை என அவர் கூறவில்லை, அதுவே கருதத்தக்கது. தற்செயலாய் வாய்த்த மங்கலில் அழகைக் கண்டு, பின்னர் அதனைத் தாமே தேர்ந்துகொண்டவர் அவர். 1865இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அப்படங்களை விலைகொடுத்து வாங்கியது.

முதன்முதலாய்க் கவிதை படிக்க எழும் இளையோர்க்கு நடுக்கம் இருக்கட்டும். அச்சொல்லை ஏன் தேர்ந்தோம் என்னும் தெளிவு உடனிருந்தால் போதும்.