புல்லு வெட்ட முன்னே விலையைப் பேசுங்கள்

(பெரகல பகுதியில் மாடு வளர்க்கும் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆடி மாதக் காத்து நம்ம ஊர்ப்பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புல்லு காயும், மாடு வத்தும், பால் காசு குறையும். அதற்காகத்தான் மழைக்காலத்தில் மிஞ்சும் புல்லை வெட்டி, காத்துப் புகாமல் அடைத்து வைக்கிறோம். அதைத்தான் சைலேஜ் என்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால் ஊறுகாய்ப் புல்லு.

அதைச் செய்யும் விதத்தைப் பற்றி முன்பே பேசியாயிற்று. இன்றைக்கு மெஷின்காரரிடம் கூலி பேசுவதைப் பற்றிச் சொல்லுகிறேன்.

நான் முதல்முறை செய்தபோது மணிக்கணக்குக்குப் பேசினேன். அவர் கொண்டுவந்த மெஷினின் கத்தி மழுங்கிக் கிடந்தது. புல்லு சிக்கச் சிக்க நிறுத்தி எடுத்தார். பொழுதும் போச்சு, காசும் போச்சு. அவசரத்தில் சரியாக மிதித்து இறுக்கவும் இல்லை. பிரித்துப் பார்த்தால் பாதிக்குப் பூஞ்சணம். மாட்டுக்குப் போட முடியாமல் குழியில் கொட்டினேன்.

நமக்கு இந்தக் கணக்கு புதிசு இல்லை. மணிக்கூலி என்பது பேர் போடுவது மாதிரி. கிலோக் கணக்கு என்பது கைக்காசுக் கொழுந்து மாதிரி. இத்தனை பேர்ச்சஸ் புல்லுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால் அது கொந்தரப்பு. மூன்றிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

கணக்குக்காக ஒரு உதாரணம் சொல்லுகிறேன். ஒருவர் மணிக்கு 1,500 ரூபாய் கேட்கிறார், 500 கிலோ வெட்டுகிறார். கிலோவுக்கு 3 ரூபாய். இன்னொருவர் 1,000 ரூபாய்தான் கேட்கிறார், ஆனால் 250 கிலோதான் வெட்டுகிறார். கிலோவுக்கு 4 ரூபாய். கூலி குறைந்தவர்தான் விலை கூடியவர்! ஆகவே மணிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மணிக்கு எத்தனை கிலோ வெட்டும் என்றும் கேளுங்கள்.

கிலோக் கணக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஈரக் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்குக் கழிக்கிறார்கள் அல்லவா? புல்லுக்கும் அதே நியாயம்தான். வெட்டின உடனே நிறுத்தால் தண்ணிக்கும் கூலி கொடுக்கிறீர்கள். வாட விட்டு, கையில் பிழிந்தால் தண்ணி சொட்டாத பதத்தில் நிறுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதையும் முதலிலேயே பாருங்கள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 15 கிலோ வீதம் இரண்டு மாதத்துக்கு 900 கிலோ. 200 லீட்டர் பீப்பாயை நன்றாக இறுக்கினால் ஏறக்குறைய 100 கிலோ பிடிக்கும். அப்படியென்றால் ஒன்பது பீப்பாய். புல்லு வாடினால் எடை குறையும். அதனால் பச்சையாக 1,300 கிலோவுக்கு மேலே வெட்ட வேண்டிவரும்.

அடுத்தது டீசல். 2022 ஆரம்பத்தில் லீட்டர் 121 ரூபாய்க்கு இருந்த டீசல், ஜூன் கடைசியில் 460 ரூபாய்க்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். முன்கூட்டிப் பேசின கூலி அந்த மாதிரி நேரத்தில் யாருக்குக் கட்டும்? இங்கிலாந்து, அயர்லாந்து போன்ற நாடுகளில் கொந்தரப்புக்காரர் சங்கங்களே வழிகாட்டி விலைப்பட்டியல் போடுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, சுற்றிக் கட்டின ஒரு உருண்டைக்கு இவ்வளவு என்று அதில் இருக்கும். எண்ணெய்ச் செலவு அதில் அடங்கியதா, இல்லையா என்பதையும் பார்த்துத்தான் பேசுகிறார்கள். நாமும் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெஷின்காரர் பக்கத்தையும் பார்க்க வேணும். அவரும் நம்மைப்போல லயத்துப் பிள்ளையாகவே இருக்கலாம். டீசல், கத்தி தீட்டுவது, ஏத்தி இறக்கும் கூலி, உதவிக்கு ஒரு ஆள், மெஷின் சும்மா கிடக்கும் மாதங்கள், எல்லாம் அந்தக் கூலிக்குள்ளேதான் வரவேண்டும். அடித்துப் பேசிக் குறைத்தால், அவர் புல்லை நீளமாக வெட்டிவிட்டு அரைகுறையாக மிதித்துவிட்டுப் போவார். நஷ்டம் நம்ம மாட்டுக்குத்தான். மூன்று நாலு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிடுங்கள். வந்துபோகும் செலவு பிரிந்துவிடும், அவருக்கும் முழுநாள் வேலை கிடைக்கும்.

பேசும்போது ஐந்து விஷயத்தை ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூலி எந்தக் கணக்கில்? டீசல் யாருடையது? உறையும் பீப்பாயும் யாருடையது? எத்தனை அங்குலத்துக்கு வெட்டுவது? ஒரு அங்குலத்துக்கு மேலே வேண்டாம். கடைசியாக, மிதித்து அடைப்பது யார்?

அடைப்பவர்தான் பழுதுக்குப் பொறுப்பு. அவர் அடைத்துக் கொடுத்தால், கூலியில் ஒரு சிறு பங்கை முதல் பீப்பாய் திறக்கும்வரை நிறுத்திவைக்கலாமா என்று முகம் பார்த்துக் கேளுங்கள். நாமே மிதித்து அடைத்தால், அல்லது பிறகு எலி கடித்து ஓட்டை விழுந்தால், அவரைக் குறைசொல்லக் கூடாது.

கொழுந்துத் தராசில் ஒரு கிலோ குறைந்தாலும் கேட்கத் தெரிந்தவர்கள் நாம். நம்ம மாட்டுத் தீனிக்கும் அப்படியே கேட்போம். கேட்ட பிறகு, பேசின காசை முழுசாகக் கொடுப்போம்.