உப்பு, சீனி, மண்ணெண்ணெய்



உப்பு தண்ணீரில் கரைகிறது, சீனியும் கரைகிறது. ஆனால் விளக்குக்கு ஊற்றும்போது சிந்திய மண்ணெண்ணெய், தண்ணீர் பட்டால் மேலே மிதக்கிறது. ஏன் இப்படி?

அணுக்கள் எலக்ட்ரான்களை எப்படிப் பங்கிட்டுக் கொள்கின்றன என்பதில்தான் விடை இருக்கிறது. உப்பில் உள்ள சோடியம், தன் வெளிவட்டத்து எலக்ட்ரான் ஒன்றைக் குளோரினுக்கு முழுமையாகக் கொடுத்துவிடுகிறது. கொடுத்தது நேர் அயனி. வாங்கியது எதிர் அயனி. இரண்டும் இறுகப் பற்றிக்கொள்வதால் உப்பை உருக்க 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். இது அயனிச் சேர்மம்.

சீனியில் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை, பங்கு போடுகிறார்கள். ஆனால் ஆக்சிஜன் தன் பக்கம் கூடுதலாக இழுக்கிறது. நம் குடும்பங்களிலும் இப்படிப்பட்ட பங்காளிகள் உண்டல்லவா! இது முனைவுள்ள சகப்பிணைப்பு. தண்ணீரும் இதே இனம். அதனால் சீனியைச் சேர்த்துக்கொள்கிறது. எனினும் கரைந்ததெல்லாம் அயனிச் சேர்மம் என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாயும். சீனிக் கரைசலில் பாயாது.

மண்ணெண்ணெயில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும். இரண்டின் இழுப்பும் ஏறக்குறையச் சமம். இது முனைவற்ற சகப்பிணைப்பு.

இந்த இழுப்பை 1932-இல் லைனஸ் பாலிங் எண்களாக்கினார். சோடியம் 0.9, ஹைட்ரஜன் 2.1, கார்பன் 2.5, குளோரின் 3.0, ஆக்சிஜன் 3.5. வேறுபாடு 1.7-க்கு மேல் என்றால் பெரும்பாலும் அயனிப் பிணைப்பு, 0.4-க்கும் 1.7-க்கும் இடையில் என்றால் முனைவுள்ளது. அதற்கும் கீழே முனைவற்றது. இது ஒரு கைக்கணக்குதான். கார்பன் டை ஆக்சைடில் வேறுபாடு 1.0, ஆனாலும் அதன் மூலக்கூறு நேர்கோடாக இருப்பதால் இருபக்க இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, மூலக்கூறு முனைவற்றதாகிவிடுகிறது. ஆகவே வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

மருந்தடிக்கச் செல்லும் தாய்மார்கள் இதைக் கேளுங்கள். கிளைபோசேட் களைக்கொல்லி பெரும்பாலும் உப்பு வடிவில்தான் வருகிறது. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்ட பாராகுவாட்டும் அயனிச் சேர்மமே. இவை தண்ணீரில் எளிதாகக் கரையும். உடம்பில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஆனால் சில பூச்சிக்கொல்லிகள் எண்ணெய் போன்ற கரைப்பானில் கலந்து வருகின்றன. அவற்றின் மேல் வெறும் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும். அங்கேதான் சவர்க்காரம் வேண்டும். அதன் ஒரு முனை அயனி. மறுமுனை நீண்ட கார்பன் வால். வால் எண்ணெயைப் பிடிக்கும், தலை தண்ணீரைப் பிடிக்கும், இரண்டும் சேர்ந்து போய்விடும். குழாயடியில் ஒரு கட்டி எப்போதும் இருக்கட்டும்.