'கரண்ட் வைக்கிற' மெஷினுக்குள்ள என்ன நடக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

வீட்ல யாருக்காவது கேன்சர்னு தெரிஞ்சு, டாக்டர் ரேடியேஷன் எழுதிக் கொடுத்தா, சொந்தக்காரங்க அதை எப்படிச் சொல்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? "பெரியம்மாவுக்குக் கரண்ட் வைக்கணுமாம்." "முப்பது கரண்ட் எழுதியிருக்காங்க." தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல சாதாரணமா காதுல விழுற வார்த்தை இது. அந்த வார்த்தையோட சேர்ந்து பயமும் வருது. ஷாக் அடிக்குமா? உள்ள எல்லாம் கருகிடுமா? வீட்டுக்கு வந்தப்புறம் பேரக்குழந்தையைப் பக்கத்துல விடலாமா?

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஷாக் அடிக்காது. குழந்தையைத் தாராளமா மடியில வச்சுக்கலாம். வெளியிலிருந்து மெஷின் மூலமா கொடுக்கிற ரேடியேஷன்ல நோயாளி உடம்புல எதுவும் தங்கிப் போறதில்லை. உடம்புக்குள்ளேயே கதிரியக்கப் பொருள் வைக்கிற சிகிச்சையும், அயோடின் மருந்தும் வேற கதை. அதுக்கான விதிமுறைகளை டாக்டரே சொல்வாங்க.

ஆனா 'கரண்ட்'ங்கிற பேர் முழுசா தப்புன்னு என்னால சொல்ல முடியலை. பழைய கோபால்ட் மெஷின்ல கோபால்ட்-60ங்கிற கதிரியக்கப் பொருள் உள்ளேயே இருக்கும். அது ராத்திரி பகல்னு பார்க்காம கதிரை விட்டுக்கிட்டே இருக்கும். சிகிச்சை நேரத்துல மட்டும் அதைத் திறந்து காட்டுவாங்க, மத்த நேரம் ஈயத்துக்குள்ள மூடி வச்சிருப்பாங்க. லீனியர் ஆக்சிலரேட்டர், சுருக்கமா லினாக், அப்படி இல்லை. அதுல கதிரைத் தயாரிக்கிறதே நம்ம கரண்ட்தான். சுவிட்சை அணைச்சா கதிர் நின்னுடும்.

சரி, எப்படித் தயாரிக்குது?

உங்க வீட்டு மைக்ரோவேவ் அவன்ல இருந்து ஆரம்பிக்கலாம். அதுக்குள்ள மேக்னட்ரான்னு ஒரு பாகம் இருக்கு. 1940ல இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல ராண்டால், பூட்னு ரெண்டு பேர் அதைச் சக்தி வாய்ந்ததா மாத்தினாங்க. போர்க்காலம்; எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கிற ரேடாருக்காக. அதே நோக்கத்துக்கு உதவின இன்னொரு கருவி கிளைஸ்ட்ரான். அதை 1937ல அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுல வேரியன் சகோதரர்கள் உருவாக்கினாங்க. போர் முடிஞ்சதும் இந்தச் சாமான்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. 1953ல லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில முதல் நோயாளிக்கு லினாக் சிகிச்சை. அப்புறம் ஸ்டான்ஃபோர்டுல கண்ணுல புற்றுநோய் இருந்த 2 வயசுப் பையனுக்குக் கொடுத்தாங்க. ஒரு கண்ணை ஏற்கெனவே எடுத்தாச்சு. மிச்சமிருந்த கண்ணோட பார்வை பிழைச்சுது.

இன்னிக்கும் லினாக்குக்குள்ள மேக்னட்ரானோ கிளைஸ்ட்ரானோதான் இருக்கு. வீட்டு அவன் ஆயிரம் வாட் சுற்றளவுல ஓடும். இது சில மெகாவாட், அதாவது பல லட்சம் வாட். அவ்வளவு கரண்ட் பில்லை எந்த ஆஸ்பத்திரி கட்டும்னு கேக்காதீங்க. இது தொடர்ந்து ஓடாது. ஒரு நொடிக்குச் சில நூறு தடவை, ஒவ்வொரு தடவையும் சில மைக்ரோ நொடி மட்டும். மொத்த நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான் 'ஆன்'.

இந்த மைக்ரோவேவ் எதையும் சூடு பண்ணப் போறதில்லை. எலக்ட்ரானைத் தள்ளப் போகுது. ஒரு முனையில சூடான உலோகத்துல இருந்து எலக்ட்ரான்கள் ஆவி மாதிரி கிளம்பும். அதுங்க செம்புக் குழாய்க்குள்ள நுழையும். குழாய்க்குள்ள காத்தே கிடையாது. வரிசையா சின்னச் சின்ன அறைகள். ஊஞ்சல் தள்ளியிருப்பீங்க இல்லையா? ஒரே மூச்சுல ஊஞ்சலை உச்சிக்குத் தூக்க முடியாது. அது வந்து திரும்புற நேரம் பார்த்துத் தட்டணும். தட்டத் தட்ட உயரம் ஏறும். எலக்ட்ரானுக்கும் அதேதான். 60 லட்சம் வோல்ட்டை ஒரே இடத்துல கட்டி நிறுத்தப் பார்த்தா, சின்ன மின்னலே அடிச்சிடும். அதுக்குப் பதிலா ஒவ்வொரு அறையிலயும், மின்புலம் சரியான திசைக்கு மாறுற அந்தக் கணத்துல எலக்ட்ரான் வந்து சேருது, ஒரு தள்ளு வாங்குது, அடுத்த அறைக்குப் போகுது.

6 மெகாவோல்ட் மெஷின்ல இந்தக் குழாயோட நீளம் எவ்வளவு தெரியுமா? சுமார் 30 சென்டிமீட்டர். ஸ்கூல் பையில இருக்கிற ஸ்கேல். அந்த ஸ்கேல் நீளத்தைத் தாண்டி வெளிய வரும்போது எலக்ட்ரான் ஒளியோட வேகத்துல 99.7 சதவீதத்துல இருக்கு. எனக்கு இந்த ஒரு தகவலே போதும், இந்த மெஷினை நின்னு பார்க்க.

இப்ப எலக்ட்ரான் ரெடி. இங்கதான் பாதை ரெண்டாப் பிரியுது. இன்னிக்குப் பேச்சோட முக்கியமான இடமும் இதுதான்.

முதல் வழி எக்ஸ்ரே. எலக்ட்ரான் போற பாதையில ஒரு டங்ஸ்டன் தகடு வைப்பாங்க. ஒளி வேகத்துல வந்த எலக்ட்ரான் அதுல மோதி சடன் பிரேக் போடும். இழந்த சக்தியில ஒரு பகுதி எக்ஸ்ரேயா வெளிய வரும். மார்பு எக்ஸ்ரே எடுக்கிற அதே எக்ஸ்ரேதான். ஆனா அங்க ஒரு லட்சம் வோல்ட் சுற்றளவு, இங்க 60 லட்சம். அதனால ஆழமாப் போகும். இன்னொரு நல்ல விஷயம்: 6 மெகாவோல்ட் கதிர் அதிகபட்ச டோஸைத் தோல்ல கொடுக்காது, உள்ள ஒன்றரை சென்டிமீட்டர் தாண்டித்தான் கொடுக்கும். பழைய காலத்து மெஷின்கள்ல தோல் வெந்து போன கொடுமை இதனால பெரிய அளவுல குறைஞ்சுது.

ரெண்டாவது வழி எலக்ட்ரானையே நேரா அனுப்புறது. அது கொஞ்ச ஆழத்துல நின்னுடும். தோல், தோலுக்குக் கீழ இருக்கிற கட்டிகளுக்கு இது பொருத்தம். (இந்த வழியில மட்டும் நிஜமாவே உடம்புக்குள்ள 'கரண்ட்' போகுதுன்னு சொல்லலாம். ஆனா உணரவே முடியாத அளவு சின்னது.)

டங்ஸ்டன்ல மோதி வர எக்ஸ்ரே நடுவுல ரொம்ப பலமா இருக்கும், ஓரத்துல மெலிஞ்சு போகும். அதைச் சமப்படுத்த ஒரு உலோகக் கூம்பை நடுவுல வச்சு வடிகட்டுவாங்க. தகட்டுலயும் கூம்புலயும் நிறைய வீணாப் போகும். அதனால எக்ஸ்ரே வழிக்கு, எலக்ட்ரான் வழியை விட சுமார் 100 மடங்கு எலக்ட்ரான் ஓட்டம் தேவை. அந்த 100 மடங்கு ஓட்டத்துக்கு முன்னாடி தகடும் கூம்பும் இல்லாமப் போனா?

அது நடந்திருக்கு. தெராக்-25. கனடாவின் அரசு நிறுவனம் ஏஇசிஎல் செஞ்ச லினாக். மொத்தம் 11 மெஷின், அமெரிக்காவுல 5, கனடாவுல 6. 1985 ஜூன்ல இருந்து 1987 ஜனவரி வரைக்கும் 6 பேருக்கு அளவு கடந்த டோஸ் போச்சு.

1986 மார்ச், டெக்சஸ் மாநிலத்துல டைலர்னு ஒரு ஊர். முதுகுல சிகிச்சைக்கு வந்த ஒருத்தருக்கு எலக்ட்ரான் கொடுக்கணும். ஆபரேட்டர் பழக்க தோஷத்துல எக்ஸ்ரேக்கான எழுத்தைத் தட்டிட்டாங்க. உடனே கவனிச்சு, கர்சரை மேல நகர்த்தித் திருத்தினாங்க, கீழ வந்தாங்க, ஸ்டார்ட். நாம போன்ல ஸ்பெல்லிங் திருத்துற மாதிரி. மெஷின் காந்தங்களைச் சரி பண்ண எடுக்கிற 8 நொடிக்குள்ள இந்தத் திருத்தம் முடிஞ்சிடுச்சு. ஸ்கிரீன்ல திருத்தம் தெரிஞ்சுது. சுழல்மேசையும் எலக்ட்ரான் நிலைக்குப் போச்சு. ஆனா ஓட்டத்தோட அளவு மட்டும் எக்ஸ்ரே அளவுலேயே நின்னுடுச்சு.

ஸ்கிரீன்ல "மால்ஃபங்ஷன் 54"னு வந்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு ஆபரேட்டருக்குப் புரியற மாதிரி எந்த விளக்கமும் இல்லை. டோஸ் ரொம்பக் குறைவாத்தான் போயிருக்குன்னு மெஷின் காட்டுச்சு. அளக்கிற அறைகள் அந்த வெள்ளத்துல திணறிப் போயிருந்தது. அந்த மெஷின் அடிக்கடி இப்படி நிக்கும், ஒரு பட்டனைத் தட்டினா தொடரும். அவங்க தட்டினாங்க.

உள்ள இருந்தவருக்கு முதுகுல ஷாக் அடிச்ச மாதிரி இருந்திருக்கு. எழுந்திரிக்கப் பார்க்கும்போது ரெண்டாவது தடவை. அந்த அறைக்கு வெளிய இருந்து பார்க்கிற வீடியோவும் அன்னிக்கு இணைப்புல இல்லை, பேசற இண்டர்காமும் வேலை செய்யலை. அவர் போய்க் கதவைத் தட்டினப்புறம்தான் வெளிய தெரிஞ்சுது. கொடுக்க வேண்டியது 180 ராட். போனது 16,500க்கும் 25,000க்கும் நடுவுலன்னு பின்னாடி கணக்குப் போட்டாங்க. அளவு மீறிக் கொடுக்க இந்த மெஷினால முடியவே முடியாதுன்னு கம்பெனி சொல்லிடுச்சு. மின்கசிவு இருக்கான்னு சோதிச்சாங்க, இல்லை. மெஷின் திரும்ப ஓடுச்சு. ஏப்ரல்ல, அதே ஆபரேட்டர், அதே திருத்தம், இன்னொரு நோயாளி. ரெண்டு பேரும் அந்த வருஷமே இறந்துட்டாங்க.

காரணத்தைக் கண்டுபிடிச்சது கம்பெனி இல்லை. அந்த ஆஸ்பத்திரியோட இயற்பியலாளரும் ஆபரேட்டரும்தான். எந்த வேகத்துல தட்டினா அந்தப் பிழை வருதுன்னு திரும்பத் திரும்ப டைப் பண்ணிப் பண்ணிப் பிடிச்சாங்க.

இதுல என்னை உறுத்துறது இன்னொரு விஷயம். இதுக்கு முந்தைய மாடல் தெராக்-20லயும் அதே சாஃப்ட்வேர் பிழை இருந்திருக்கு. அங்க யாரும் சாகலை. அதுல தனி மின்சுற்றுப் பூட்டுகள் இருந்தது. நிலைமை தப்பாப் போனா ஃபியூஸ் போயிடும். தெராக்-25ல அந்தப் பூட்டுகளை எடுத்துட்டு, எல்லாத்தையும் சாஃப்ட்வேரே பார்த்துக்கும்னு விட்டுட்டாங்க. ஐ.டி.ல வேலை பார்க்கிறவங்க 1993ல நான்சி லெவசனும் கிளார்க் டர்னரும் எழுதின ஆய்வுக் கட்டுரையைப் படிங்க. திரில்லர் மாதிரி இருக்கும், தூக்கம் வராது.

இன்னிக்கு இருக்கிற மெஷின்ல கதிர் வெளிய வர்ற வழியில ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு அளவிகள் உட்கார்ந்திருக்கு. முதலாவது கணக்கு முடிஞ்சதும் கதிரை நிறுத்தும். அது தவறினா ரெண்டாவது நிறுத்தும். அதுக்கப்புறம் டங்ஸ்டன் இலைகள். சீப்பு மாதிரி ரெண்டு பக்கமும் வரிசையா, பல மெஷின்ல மொத்தம் 120. ஒவ்வொண்ணுக்கும் தனி மோட்டார், கட்டியோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி நகரும். காலையில முதல் நோயாளி உள்ள வர்றதுக்கு முன்னாடி, மெஷின் நேத்து கொடுத்த அதே அளவைத்தான் இன்னிக்கும் கொடுக்குதான்னு அளந்து பார்க்கிறது வழக்கம். இதுக்கெல்லாம் பொறுப்பு மெடிக்கல் பிசிசிஸ்ட். நோயாளி பெரும்பாலும் அவரைச் சந்திக்கிறதே இல்லை. இந்தியாவுல இந்த மெஷினை ஓட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட உரிமம் வேணும்.

கடைசியா, வீட்ல யாராவது போகப் போறாங்கன்னா இதைச் சொல்லிடுங்க. கதிர் ஓடறது சில நிமிஷம்தான். மிச்ச நேரம் படுக்க வச்சுக் கோட்டைச் சரி பார்க்கிறதுல போயிடும். கதிர் பட்ட இடத்துல மட்டும்தான் முடி கொட்டும். கதவு மூடினதும் உள்ள தனியாத்தான் இருக்கணும், ஆனா வெளிய கேமராவுல பார்த்துக்கிட்டே இருப்பாங்க, மைக்கும் இருக்கு. மூச்சு முட்டினா, இருமல் வந்தா, பயமா இருந்தா, ஆடாம வாயால கூப்பிடலாமா, கையைத் தூக்கணுமான்னு முதல் நாளே டெக்னீஷியன்கிட்ட கேட்டு வச்சுக்கச் சொல்லுங்க. கூப்பிட்டா நிறுத்திட்டு உள்ள வருவாங்க. விட்ட இடத்துல இருந்து திரும்ப ஆரம்பிக்க இந்த மெஷினுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோட்ல புரோட்டான் சிகிச்சை. அது எதுக்கு அவ்வளவு செலவுன்னு பார்க்கலாம்.