பந்தைப் பின்னால் போடு!

எங்களைப் பொறுத்துப் பொறுத்தே மகானாகிவிட்ட உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, நண்பர்களே, "இவன் எப்போ முடிப்பான், எப்போ சாப்பாடு?" என்று கடிகாரம் பார்க்கும் குடும்பத்தினரே!

நம்ம ரக்பி டீமைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பெயர் சொல்லமாட்டேன். குழந்தைகள் வந்திருக்கிறார்கள், அப்பா மேல் இருக்கிற மரியாதை கெடக்கூடாது. ஜெர்ஸி நம்பர் போதும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 15 பேர். பந்தோடு முன்னால் ஓடலாம். ஆனால் கையால் பாஸ் போட்டால் முன்னால் போகக்கூடாது. கோட்டைத் தாண்டினால் மட்டும் பத்தாது, பந்தைத் தரையில் வைத்து அழுத்தணும். அதுக்குப் பேர் ட்ரை, 5 பாயிண்ட். இந்தக் கடைசி விதியை ஞாபகம் வச்சுக்குங்க.

1, 3 இரண்டு பேரும் ஸ்க்ரம்மின் தூண்கள். மெஸ்ஸில் இவங்களுக்குப் பின்னால் நின்றவனுக்கு ரசம்தான் மிச்சம். இப்போ டயட்டாம். காலையில் ஓட்ஸ் பெருமை பேசிய 3-ஐப் பத்து மணிக்கு வாசல் டீக்கடையில் ரெண்டு கையிலும் பஜ்ஜியோடு பார்த்தேன். பந்தைக்கூட அவன் அவ்வளவு பத்திரமாகப் பிடித்ததில்லை.

9-க்கு வாய். நடுவரிடம் கேப்டன்தான் பேசலாம். இவன் கேப்டன் இல்லை. பெனால்ட்டி கொடுத்த பிறகும் எதிர்த்துப் பேசினால் நம்மை இன்னும் 10 மீட்டர் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஒரே மேட்சில் மூணு தடவை! பந்தைத் தொடாமலே எதிரணிக்கு 30 மீட்டர் சம்பாதித்துக் கொடுத்த உத்தமன். இப்போ சேல்ஸில் இருக்கிறான். கம்பெனி நல்லா இருக்கட்டும்.

15 கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடியவன். பந்து விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்புவான்.

2-ம் நம்பர் நம்ம பொருளாளர். 1878-ல் கல்கத்தா கிளப்பைக் கலைத்தபோது, மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதுக்காகத்தான் மோதுகின்றன. நம்ம கிளப்பைக் கலைத்தபோது இவன் காட்டிய கையிருப்பு 212 ரூபாய். அதுவும் நோட்டு, உருக்கக்கூட முடியாது.

இப்போ 11. அது நான்தான்.

2010, கடைசி மேட்ச், நல்ல மழை. 14-17 என்று பின்தங்கியிருந்தோம். ரெண்டு பேர் மேலே விழ விழ 2-ம் நம்பர் எனக்குப் பாஸ் போட்டான். 'டக்'னு ஒரு சத்தம். ஷூ என்று நினைத்தேன். அவன் காறை எலும்பு. நான் கோட்டைத் தாண்டினேன். பந்து நழுவியது. தோற்றோம்.

அடுத்த திங்கட்கிழமை கேம்பஸ் இன்டர்வியூ. வலது கையில் கட்டோடு எழுத்துத் தேர்வு எழுத முடியாமல் திரும்பினான். வேலைக்குச் சேர நம்மைவிட ஒரு வருஷம் கூட ஆனது.

"மழைடா, வழுக்கிடுச்சு" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழை ஒன்றும் செய்யவில்லை. பந்தைத் தரையில் வைக்கும் முன்பே லேடீஸ் ஹாஸ்டல் கூட்டத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிவிட்டேன். (என் மனைவி இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அவர் வேற காலேஜ்.)

நேற்று ராத்திரி அவனிடம் முதலில் சொன்னேன்.

"தெரியும்டா. கீழே விழுந்து கிடந்தவனுக்கு வேற என்ன வேலை? உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன்டா கேட்கலை?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றான். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நாலு மணிக்கு மைதானத்தில் டச் ரக்பி. தள்ளுமுள்ளு கிடையாது, எல்லாருக்கும் இடுப்பு வலி. 2-ம் நம்பர்தான் விசில். 9-ஐ மட்டும் யாராவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.